சில்லு சுற்றினால் வரும் ஹெலி

உடுப்பிட்டியில் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு ஆகாயத்துச் சத்தங்கள் அத்தனையும் பெயரோடு தெரியும். பலாலிப் பக்கமிருந்து சின்ன இரைச்சலாகக் கிளம்பி, மேலே ஏறி, பிறகு ஒரேயடியாகக் குத்தி இறங்குவது சியாமாச்செட்டி. உயரத்தில் நின்று வட்டமடித்து, கீழே யார் எங்கே போகிறார்கள் என்று பார்த்துச் சொல்வது கோள்மூட்டி. அவசரமே இல்லாமல் ஊர்ந்து வந்து சரியாகத் தலைக்கு மேலே இரைவது சகடை. பிறகு வந்த சுப்பர்சொனிக் தன் சத்தத்துக்கு முன்னால் தான் போய்விடும். கேட்டபிறகு ஓடிப் பிரயோசனமில்லை என்று அம்மம்மாவே சொல்லுவா. ஹெலி இவை எல்லாவற்றுக்கும் வேறு. முதலில் யன்னல் கொளுக்கி மெல்ல அதிரும். அலுமாரிக் கண்ணாடி நடுங்கும். நெஞ்சுக்குள் ஏதோ இடிக்கும். அதற்குப் பிறகுதான் காதுக்குச் சத்தம் வரும். சாப்பிட்டுக் கொண்டிருந்தால் கோப்பையை வைத்துவிட்டு, படித்துக் கொண்டிருந்தால் கொப்பியை வைத்துவிட்டு, பின்வளவுக்கு ஓட வேண்டியதுதான்.

பின்வளவில் வேம்புக்குக் கீழே பங்கர். பனங்குற்றி அடுக்கி, மேலே மண் மூட்டை போட்டது. ஆழமாக வெட்ட ஏலவில்லை, கல் வந்துவிட்டது. அதனால் பெரியாக்கள் குனிந்துதான் இருக்க வேண்டும். உள்ளே போனதும் அம்மா தேவாரம் பாடத் தொடங்குவா. நல்ல குரல் என்று சொல்ல ஏலாது, ஆனால் விடாமல் பாடுவா. மேலே எவ்வளவு இரைந்தாலும் பக்கத்தில் அம்மாவின் குரல் நிற்காது. பாட்டின் வேலையே அதுதான், வெளியே கேட்கிற சத்தத்தை மறைப்பதுதான் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். வீரபத்திரர் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடந்த நாதஸ்வரமும், கல்யாண வீடுகளில் லவுட்ஸ்பீக்கரில் போன ஏ. ஈ. மனோகரனின் பொப் பாட்டும், அண்ணையின் இளையராஜா கசெற்றுகளும் என் கணக்கில் அந்த வேலையைத்தான் செய்தன. பாட்டு இருக்கிற நேரம் பயம் இல்லை.

1990 ஜூனில் திரும்பவும் சண்டை தொடங்கிய பிறகு கரண்ட் நின்றுபோனது. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, பெற்றோல் இல்லை, சவுக்காரத்துக்கு அலைச்சல். பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். றேடியோக்கள் ஊமையாகிப் போன வீடுகளில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வித்தை செய்து பார்த்தார்கள். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்தார்கள், துளைபோட்டு உப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு செய்தி கேட்கிற நேரத்துக்கு அது உயிர் பிடிக்கும். கடைசியில் ஊர் முழுக்க நிலைத்தது சைக்கிள் டைனமோதான்.

எங்கள் வீட்டில் அதைப் பூட்டினது அண்ணை. உயர்தரத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தவர். டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற். எங்கள் பழைய நஷனல் ரேப் றெக்கோடருக்கும் 6 வோல்ற்தான் தேவை. ஆனால் டைனமோவில் வருவது ஆடலோட்டம், றெக்கோடருக்கு வேண்டியது நேரோட்டம். நெல்லியடியில் றேடியோ திருத்துகிற ஒருவரிடம் உடைந்த செற் ஒன்றிலிருந்து நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் வாங்கிவந்து, ஒரு பலகைத் துண்டில் அடித்துப் பொருத்தினார். சைக்கிளை விறாந்தையில் சீற்றிலும் ஹாண்டிலிலும் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றினால் பின்சில்லு சுழலும், டைனமோ உரசும், வயர் வழியே உயிர் போகும். சுற்றுவது என் வேலை. இரவில் பீபீசி தமிழோசைக்கும் வெரித்தாசுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து திண்ணையில் குந்துவார்கள். நான் சுற்றுகிற வேகத்தில்தான் உலகச் செய்தி வந்தது.

அப்படிச் சுற்றிக் கேட்ட ஒரு கசெற் சித்தப்பாவுடையது. அவர் கொழும்பில் வேலை செய்தவர். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது கையில் இருந்தது ஒரே ஒரு பை. அதற்குள் உடுப்பைவிடக் கசெற்தான் கூட என்று அம்மம்மா கவலைப்படுவா. பிறகு அவர் லண்டனுக்குப் போனார். பை அலுமாரியின் மேற்தட்டில் பூச்சிமுட்டையோடு கிடந்தது. அண்ணை ஒருநாள் அதைக் கிளறி எடுத்த கசெற்றுக்கு உறை இல்லை, படமில்லை. தொண்ணூறு நிமிசக் கசெற், மேலே நீலப் பேனையால் ஆங்கிலத்தில் ‘த வோல்’ என்று மட்டும் எழுதியிருந்தது. யார் பாடினது, எந்த ஊர், எதைப்பற்றி, ஒன்றும் தெரியாது. இப்படி ஒன்றுமே தெரியாமல் ஒரு இசையின் முன்னால் போய் நிற்கிற வாய்ப்பு எனக்கு அதற்குப் பிறகு கிடைக்கவில்லை.

பொழுதுபட்ட நேரம். அம்மா குசினியில் புட்டுக்கு மா குழைத்துக் கொண்டிருந்தா. ஜாம் போத்தல் விளக்குக் கொளுத்தியாயிற்று. நான் சுற்றத் தொடங்கினேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மிகத் தூரத்தில், அடுத்த ஒழுங்கையில் யாரோ வாசிப்பதாக, ஒரு மெல்லிய மெட்டு. அண்ணை காதை ஸ்பீக்கரோடு வைத்தார். அந்தக் கணத்தில் கிற்றாரும் ட்றம்மும் ஒன்றாக வெடித்தன. அண்ணை தலையை இழுத்துக் கொண்டார். யாரோ ஆங்கிலத்தில் பாடினார்கள், சத்தம் ஏறிக்கொண்டே போனது. அதன் முடிவில் ஒரு விமானம் குத்தி இறங்கியது. எனக்குத் தெரிந்த சத்தம். குத்தின இடத்தில் எல்லாம் நின்று, ஒரு கைப்பிள்ளை அழுதது.

அண்ணை என்னைப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. கை தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது.

இன்னும் இரண்டு பாட்டுப் போயிருக்கும். கிற்றார் ஒன்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதாக மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. அதற்குள்ளே இருந்து வந்தது ஹெலி. தூரத்தில் தொடங்கி, நெருங்கி, வீட்டுக் கூரைக்கு மேலே. குசினியிலிருந்து அம்மா கத்தினா: “ஹெலி! விளக்கை நூருங்கோடா! தம்பி, எங்கையடா நிக்கிறாய்?” மாச் சட்டி விழுந்த சத்தம். அம்மம்மா பின்கதவைத் திறந்து முற்றத்தில் இறங்கிவிட்டா. நான் பெடலை விட்டேன்.

சில்லு உடனே நிற்கவில்லை. தளர்ந்து தளர்ந்து சுழன்றது. அதோடு சேர்ந்து ஹெலியும் தளர்ந்தது. அதன் இடி இடைவெளி விட்டது, தடித்தது, ஆழத்துக்குப் போனது, ஒரு உறுமலாகி நின்றது. வானத்தில் ஒன்றுமில்லை. தூரத்தில் நாய் குரைத்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் திரும்பவும் பெடலைப் பிடித்துச் சுற்றினேன். ஹெலி எழும்பி வந்தது. விட்டேன். நின்றது. சுற்றினேன். வந்தது. அண்ணை “விடடா, விடடா” என்று கையைப் பிடித்த பிறகும் நான் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். அந்த வயதுவரை ஹெலி என்பது மழை மாதிரி, அது வரும், அது போகும், எங்களிடம் கேட்காது. அன்றைக்கு அது என் வலது கையில் இருந்தது. பயம் போகவில்லை. சுற்றும்போது நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தை நானே வரவழைத்து, நானே நிறுத்தினேன்.

அம்மா விறாந்தைக்கு வந்தபோது கையெல்லாம் மா. விசயம் விளங்கியதும் அழத் தொடங்கினா, அழுகைக்குள்ளேயே ஏசினா. “உதையும் ஒரு பாட்டெண்டு பாடி வைச்சிருக்கிறாங்களே? வானத்தில கேக்கிறது காணாதே? வீட்டுக்குள்ளையும் கொண்டந்து விடோணுமே?” அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. அம்மம்மா முற்றத்திலிருந்து திரும்பி வந்து, சில்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தா. அம்மா கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. குண்டுச் சத்தத்தை இசைக்குள் வைப்பவன் அதைக் கேட்கப்போகிறவனின் வீட்டைப்பற்றி யோசிக்கவேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதே நேரம், அதை வைத்தவனுக்கு நான் நன்றியுள்ளவன். இரண்டும் எனக்குள் அருகருகே இருக்கின்றன.

அதன் பிறகு அந்தக் கசெற் அம்மா இல்லாத நேரத்துக்கானது. சங்கக்கடையில் நிவாரணச் சாமானுக்கு வரிசையில் நின்றால் அரை நாள் போகும். வெள்ளிக்கிழமை கோயில். அந்த இடைவெளிகளில் சைக்கிள் தலைகீழாகும். திரும்பச் சுற்றுவதற்குக் கரண்டை வீணாக்காமல் பென்சிலைக் கசெற்றின் பல்லில் கொழுவிக் கையால் சுழற்றுவோம். ஒரே வேகத்தில் பெடல் சுற்றுவது லேசான காரியமில்லை. கை களைத்தால் வோல்ற் விழும். வோல்ற் விழுந்தால் மோட்டர் தளரும், பாடுகிறவனின் குரல் தடித்து, சொல் இழுபட்டு, ஆள் கிணற்றுக்குள் இறங்கிப் போவான். கையை மாற்றினால் ஒரு துடிப்போடு மேலே ஏறி வருவான். எல்லாவற்றுக்கும் அடியில் டைனமோவின் உர்ர்ர் நிற்காமல் ஓடும். நாங்கள் கேட்ட ‘த வோல்’ இதுதான். அதைப் பாடினவர்களே அப்படி ஒன்றைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

உலகம் முழுவதும் தெரிந்த, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சேர்ந்து பாடுகிற அந்தப் பாட்டு எனக்கு அப்போது ஒட்டவில்லை. லண்டன் இஸ்லிங்டன் கிறீன் பாடசாலைப் பிள்ளைகள் 23 பேர் பாடியது அது. படிப்பின் அடக்குமுறையை எதிர்த்து. 1980இல் தென்னாபிரிக்காவில் வகுப்புகளைப் பகிஷ்கரித்த மாணவர்கள் அதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொள்ள, அங்கே அரசாங்கம் தடைசெய்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அது தேவைப்பட்டது. எங்களுக்கோ ஊரில் ஓடிக்கொண்டிருந்த ஒரேயொரு வழமையான காரியம் பள்ளிக்கூடம்தான். அமெரிக்கன் மிஷன் கல்லூரி மணி அடித்தால் உலகம் இன்னும் குலையவில்லை என்று அர்த்தம். விளக்குத் திரியைக் குறைத்துவைத்து, புகையில் மூக்குக் கறுக்க அண்ணையாக்கள் சோதனைக்குப் படித்தார்கள். எங்களுக்குப் படிப்பு வேண்டாம் என்று கூட்டமாகப் பாடுவதை அண்ணை மொழிபெயர்த்துச் சொன்னபோது, இவர்களுக்கு என்ன விசரா என்றுதான் நான் கேட்டேன்.

என்னை உலுக்கியது அதற்குச் சற்று முன்னால் வருகிற இடம். ஹெலிச் சத்தம் உச்சத்தில் நிற்க, ஒலிபெருக்கியில் ஒரு ஆண்குரல் யாரையோ அதட்டிக் கூப்பிடும். எங்கள் வடமராட்சியில் 1987 மே 26 காலையை அனுபவித்தவர்களுக்கு அந்த இரண்டு சத்தமும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்தால் என்ன அர்த்தம் என்று விளக்கத் தேவையில்லை. இராணுவத்தின் ஒப்பரேஷன் லிபரேஷன் நாட்கள். முதலில் வானம், பிறகு ஷெல், பிறகு ஒலிபெருக்கி, பிறகு ஆண்களை வரிசையாக இருத்துதல். எனக்கு அப்போது மிகச் சின்ன வயது. வரிசை ஞாபகமில்லை, ஒலிபெருக்கியின் கரகரப்பு மட்டும் ஞாபகம். எங்கேயோ இருந்து வந்த ஒரு பாட்டுக்கு இது எப்படித் தெரிந்தது என்பதுதான் என் முதல் கேள்வி. அந்தக் குரல் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருடையது என்பது பல வருடம் கழித்துத் தெரியவந்தது. தெரிந்த பிறகும் எனக்கு அது வாத்தியாராகவில்லை.

கசெற்றின் அந்த முதல் பக்கத்திலேயே ஒரு வானம்பாடி கூவித் தொடங்கும் பாட்டு இருக்கிறது. குருவிச் சத்தத்துக்கிடையில் ஒரு குழந்தை, வானத்தில் விமானம் போவதைத் தாயிடம் காட்டும். பயமில்லாத குரல், வேடிக்கை காட்டுகிற குரல். அதைக் கேட்க எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்யும். எங்களுக்கும் வேடிக்கை பார்த்த விமானம் உண்டு. 1987 ஜூன் 4ஆம் திகதி இந்திய விமானங்கள் வந்து பருப்பும் அரிசியும் போட்டபோது ஊர்ச் சனம் வெளியே வந்து நின்று அண்ணாந்து பார்த்தது. வானத்தைப் பார்த்துக் கைகாட்டிய நாள் என்று ஊருக்கு ஞாபகம் இருப்பது அது.

இரண்டாம் பக்கம் இன்னும் இருட்டு. நீளமான வெறுமை, வீட்டுக்குள் எங்கோ டெலிவிஷன் பேசுவது, வெளியே யாராவது இருக்கிறார்களா என்று கேட்கும் குரல். அதைச் சுற்றுவதற்கு அடுத்த வீட்டுப் பொடியன்தான் சரி. என் வயதுதான் அவனுக்கும். என் கை துடிக்கும், அவன் கை துடிக்காது. ஒரே சீராகச் சுற்றுவான், ஒன்றும் கதைக்கமாட்டான். அவனுடைய தகப்பன் 1987 மேயில் கூட்டிச்செல்லப்பட்டவர். திரும்பி வரவில்லை. அவனுடைய அம்மா பூவும் பொட்டுமாகத்தான் இருந்தா. வெள்ளிக்கிழமைகளில் என் அம்மாவோடு கோயிலுக்குப் போவா.

இராணுவ ட்றம் கடகடவென்று அடிக்க, ஒரு பெரிய கூட்டம் சேர்ந்து பாடும் குட்டிப் பாட்டு ஒன்று அந்தப் பக்கத்தில் வரும். என்ன பாடுறாங்கள் என்று ஒருநாள் அவன் கேட்டான். அவன் அப்படிக் கேட்டது அபூர்வம். சண்டைக்குப் போன ஆக்களை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லிப் பாடுறாங்கள் என்றார் அண்ணை. அவன் சுற்றுவதை நிறுத்தாமல் கேட்டான்: “அண்ணை, அவை வந்தவையே?”

அண்ணை கொஞ்சம் யோசித்தார். “பாட்டில அது இல்லையடா.”

அவன் மிச்சத்தையும் சுற்றி முடித்தான். கடைசியில் நீதிமன்றம், கூச்சல், பிறகு சுவர் இடிந்து விழுகிற பெருஞ்சத்தம். அந்த இடத்தை மட்டும் அவன் பென்சிலால் பின்னுக்குச் சுழற்றி இன்னொருமுறை போடுவான்.

எனக்கு என்ன நடந்தது என்று அப்போது சொல்லத் தெரியாது. கேட்டு முடிந்ததும் உடம்பு கனக்கும், சோறு இறங்காது, இரவில் கைப்பிள்ளையின் அழுகை வரும். இனிக் கேட்கக் கூடாது என்று படும். அடுத்த வெள்ளிக்கிழமை நானே முதலில் சைக்கிளைக் கவிழ்ப்பேன். அம்மாவின் தேவாரம் பயத்தை மறைத்தது, அது பெரிய காரியம். அம்மா பாடாவிட்டால் நாங்கள் அந்த பங்கருக்குள் உடைந்திருப்போம். இந்தக் கசெற் எதையும் மறைக்கவில்லை. பயத்தை எடுத்து, அதற்கு ஒரு தொடக்கம் வைத்து, நடு வைத்து, முடிவு வைத்து, என் முன்னால் இருத்தியது. எங்கேயோ ஒரு அறைக்குள் ஒருவன் இதே பயத்தோடு நெடுநேரம் தனியே இருந்திருக்கிறான் என்று ஒரு சொல்லும் விளங்காமலே எனக்கு விளங்கியது. உடுப்பிட்டிக்கு வெளியேயும் ஆட்கள் ஹெலிக்குப் பயப்படுகிறார்கள் என்ற செய்தி எந்தத் தமிழோசையிலும் வரவில்லை.

1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது எங்கள் வீடும் ஊரில் எல்லார் வீட்டையும்போல ஆட்களால் நிரம்பியது. விறாந்தையில் சைக்கிளுக்கு இடமில்லை, படுப்பதற்கே இடமில்லை. அந்த நெரிசலில் கசெற் எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியாது.

பிறகு நாடுவிட்டு வந்து, வேலைக்குப்போய், நல்ல செற் ஒன்று வாங்கி, அதைச் சரியான வேகத்தில் கேட்டேன். பிங்க் ஃபுளொயிட், 1979 நவம்பர் 30, இரட்டை இசைத்தட்டு, 81 நிமிடம். எல்லாம் துலக்கமாக இருந்தது. குரல் மெலிந்து கிடந்தது, ட்றம் அவசரப்பட்டது, அடியில் உர்ர்ர் இல்லை. எழுதியவர் றொஜர் வோட்டர்ஸ். 1977இல் மொன்ட்றியால் மேடையில் ஒரு இரசிகன் முகத்தில் எச்சில் துப்பிவிட்டு, தனக்கும் சனத்துக்கும் இடையில் வந்துவிட்ட சுவரைப்பற்றி யோசிக்கத் தொடங்கியவர். 1990 ஜூலை 21இல் பெர்லினில், உடைந்த சுவர் நின்ற இடத்தில், லட்சக்கணக்கான சனத்துக்கு முன்னால் இதை நடத்தினார். அந்த ஜூலையில் எங்கள் பக்கத்தில் பாதைகள் பூட்டப்பட்டுக் கொண்டிருந்தன.

அண்ணையோடு ஃபோனில் கதைக்கும்போது ஒருமுறை கேட்டேன், அந்த ஹெலியை உங்களால் இப்ப கேக்க ஏலுமோ என்று. அவருக்கு ஹெலி பெரிதாக ஞாபகமே இல்லை. “நீ சுத்திக்கொண்டு நிண்டனீ, அதால உனக்கு ஹெலி. நான் சும்மா இருந்து கேட்டனான். எனக்கு அந்த கிற்றார்தான்.” டேவிட் கில்மோர் இரண்டாம் பக்கத்து நடுவில் வாசிக்கிற நீண்ட கிற்றாரைச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் அந்த நேரம் யாராலும் அழ முடியாத அளவுக்கு அது அழுதது என்றார். ஒரே கசெற், ஒரே விறாந்தை.

கடைசியாக ஊருக்குப் போனபோது அடுத்த வீட்டுப் பொடியனைக் கண்டேன். கணக்குப் படிப்பிக்கிறான், தலை நரைத்துவிட்டது. கதை அந்தக் கசெற்றுக்கு வந்தது. ஃபோனில் எடுத்துப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “இது கெதியாப் போகுது” என்றான். வேகத்தைக் குறைத்துப் பார்த்தோம். பாட்டு மெதுவாகியது, குரல் மட்டும் தடிக்கவில்லை. ஃபோன் அப்படித்தான் செய்யும், சுருதியை விட்டுக்கொடுக்காது. அவனுக்கு அது பிடிக்கவில்லை.

வோட்டர்ஸின் தகப்பனைப்பற்றிச் சொன்னேன். எரிக் ஃபிளெச்சர் வோட்டர்ஸ், இத்தாலியில் அன்சியோவில் 1944 பெப்ரவரி 18இல் இறந்தவர். மகனுக்கு அப்போது ஐந்து மாதம். உடல் கிடைக்கவில்லை. விழுந்த இடத்தை ஒரு பழைய போர்வீரர் தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்க, 2014இல் அதே பெப்ரவரி 18இல் மகன் அங்கே போய் நினைவுக்கல் திறந்தார். எழுபது வருசத்துக்குப் பிறகு.

“இடம் தெரிஞ்சதே,” என்றான். பிறகு, “அப்ப எங்களுக்கு 2057,” என்றான்.

அம்மா உள்ளே இருக்கிறா, சத்தத்தைக் குறை என்று சொல்லிவிட்டு, திரும்பவும் முதலில் இருந்து போடச் சொன்னான்.